குளியலறை ரேடியோவும் நைனாவின் பேட்டரிக் கட்டையும்

முன் டிஸ்கி: இது விளம்பரம் இல்லை. எந்தக் கம்பெனியும் எனக்கு ஓசியில் பெட்டி அனுப்பவில்லை. (அனுப்பினால் மறுக்கிற உத்தேசமும் இல்லை, ஹி ஹி.)

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை தங்கமணியிடமிருந்து உத்தரவு வந்தது. "என்னங்க, பாத்ரூம்ல வைக்கிற மாதிரி ஒரு ரேடியோ வாங்குங்க. பெரியவ தினம் போனைத் தூக்கிட்டு உள்ள போறா. என்னைக்காவது ஒரு நாள் தண்ணியில போடப் போறா." பத்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. "ஊருக்கே கடன் குடுக்கிற மனுஷன், ஒரு ரேடியோ வாங்க இத்தனை நாளா?" என்று கேட்டும் விட்டார். அந்த மூன்று வாரத்தில் நான் என்னதான் செய்துகொண்டிருந்தேன் என்பதற்கு விளக்கம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும். டீயோ காப்பியோ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இங்கே இங்கிலாந்தில் குளியலறைக்குள் பிளக் பாயிண்ட் கிடையாது. வந்த புதிதில் வீடு கட்டியவர் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். விளக்குக்குக் கூட சுவிட்ச் இல்லை, கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். காரணம் எளிது. ஈரமான தோல் மின்சாரத்தைத் தடுக்காது. காய்ந்த கையில் 'சுரீர்' என்று உதறிவிடுகிற ஷாக், ஈர உடம்பில் ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் தொட்டியும் ஷவரும் இருக்கிற பகுதியிலிருந்து 3 மீட்டருக்குள் சாதாரண பிளக் வைக்கக்கூடாது என்று இங்குள்ள மின்கம்பி விதிகள் நெடுங்காலம் சொல்லி வந்தன. 2022-ல் அதை 2.5 மீட்டர் ஆக்கினார்கள். எங்கள் குளியலறையின் மொத்த நீளமே அவ்வளவு இல்லை! ஷேவிங் மெஷினுக்கு மட்டும் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஒரு சின்னத் துளை உண்டு. ஆக, குளியலறையில் ரேடியோ என்றால் அது பேட்டரி ரேடியோதான்.

'பேட்டரி ரேடியோ' என்ற வார்த்தையை மனசுக்குள் சொன்னதும் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது. நேராக பாலசமுத்திரம் போய்விட்டேன்.

பழனிப் பக்கம் ஒரு பாலசமுத்திரம் உண்டு. நான் சொல்வது அது இல்லை. இது ஆந்திரா, சித்தூர் மாவட்டம். கார்வேட்டிநகரம் ஒரு பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டு இன்னொரு பக்கம். பஸ் போர்டு தெலுங்கில் இருக்கும், பஸ்ஸுக்குள் பேச்சு பாதி தமிழில் இருக்கும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். அப்பாவை 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. வடக்கெல்லைப் போராட்டம், ம.பொ.சி., படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எங்கள் ஊர் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. கோடு போட்டவர்கள் நிலத்துக்குப் போட்டார்கள். காற்றுக்குப் போட அவர்களால் முடியவில்லை. அந்தக் காற்றில் வந்ததுதான் எங்கள் வீட்டு ரேடியோ.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

நம் பக்கத்தில் வானொலி என்பது அரசாங்கம் தொடங்கியது இல்லை. 1924-ல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற ஆர்வலரின் முயற்சியால் சென்னையில் 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' உருவானது. அந்த வருடம் ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பித்தது. தொடக்கத்தில் அதன் ஒலிபரப்பியின் சக்தி 40 வாட். நம் வீட்டில் எரிந்த பழைய குண்டு பல்பின் அளவு! 1927-ல் காசில்லாமல் கிளப் மூடப்பட்டது. கருவியை மாநகராட்சிக்குக் கொடுத்தார்கள். 1930 ஏப்ரலில் மாநகராட்சி அதை வைத்து ஒலிபரப்பு தொடங்கி, மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டியது. வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் கடற்கரையில் உட்கார்ந்து சங்கீதம் கேட்டார்கள். 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. மறு வருடம் மே மாதம் திருச்சி நிலையம்.

இது எல்லாம் மின்சாரம் இருந்த ஊர்க் கதை. கரண்ட் இல்லாத கிராமத்தில் என்ன செய்வது? அந்தக் கால ரேடியோ வால்வு ரேடியோ. வால்வுக்குள் இருக்கிற இழை சூடாக வேண்டும், அதற்கு ஒரு பேட்டரி. வால்வு வேலை செய்ய உயர் அழுத்தம் வேண்டும், அதற்கு 90 வோல்ட் அளவில் இன்னொரு பேட்டரி. செங்கல் போல இருக்கும், விலையும் செங்கல் போலவே கனக்கும். இல்லாவிட்டால் லாரி பேட்டரி மாதிரி ஆசிட் பேட்டரியில் ஓடும் பெட்டி. சார்ஜ் இறங்கினால் கரண்ட் இருக்கிற ஊருக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் தாத்தா நெசவாளி. பஞ்சாயத்துக் கட்டடத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்ததாகவும், அதன் பேட்டரியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு புத்தூர் போய்வர முறை போட்டிருந்ததாகவும் சொல்வார். போகிற வழியில் ஆசிட் சிந்தி வேட்டியில் ஓட்டை விழுந்த கதையை அவர் சொல்லக் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டு வரவு செலவில் அந்த வேட்டியை எந்தத் தலைப்பில் எழுதியிருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன். (பி.காம். புத்தி.)

இந்தச் சுமையை இறக்கி வைத்தது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீன், பிராட்டைன் இருவரும் செய்து காட்டினார்கள். அவர்களுக்கும் ஷாக்லிக்கும் 1956-ல் நோபல் பரிசு. இடையில், 1954 கடைசியில், ரீஜென்சி டிஆர்-1 என்ற முதல் சட்டைப்பை ரேடியோ 49.95 டாலருக்குக் கடைக்கு வந்தது. அடுத்த வருடமே ஜப்பானிலிருந்து பிற்காலத்து சோனி. டிரான்சிஸ்டருக்குச் சூடேற இழை கிடையாது, 90 வோல்ட்டும் வேண்டாம். சாதாரண டார்ச் லைட் கட்டையே போதும். வால்வு ரேடியோ மின்சாரம் போன வீடுகளுக்குப் போனது. டிரான்சிஸ்டர்தான் மாட்டுக் கொட்டகைக்கும் தறிக்குழிக்கும் வயல் வரப்புக்கும் போனது. 1960-களில் தஞ்சாவூரில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தை வானொலியில் கேட்டுத்தான் விவசாயிகள் பயிரிட்டார்கள். அதனால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. படித்தவன் வந்து கூட்டம் போட்டுச் சொல்லாததை ஒரு பெட்டி வரப்பில் உட்கார்ந்து சொன்னது.

எங்கள் தாத்தா டிரான்சிஸ்டர் வாங்கியது எழுபதுகளில். பெட்டியோடு ஒரு புத்தகமும் வந்தது: ரேடியோ லைசென்ஸ். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். ரேடியோ கேட்க அரசாங்கத்துக்கு வருடம் 15 ரூபாய் தபால் ஆபீசில் கட்ட வேண்டும். கட்டாமல் கேட்டால் பெட்டியையே எடுத்துப் போகலாம். 1933-ம் வருடச் சட்டம் ஒன்று இதற்குப் பின்னால் இருந்தது. எண்பதுகளின் நடுவில்தான் லைசென்ஸ் ஒழிந்தது. தாத்தா அந்தப் புத்தகத்தை நிலப் பட்டாவோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். இது நம் ஊர்க் கொடுமை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1922-லேயே ரேடியோவுக்கு 10 ஷில்லிங் லைசென்ஸ் வந்தது. 1971-ல்தான் ரேடியோவுக்கு மட்டும் எடுத்தார்கள். டிவிக்கு இன்னும் இருக்கிறது, 2025 ஏப்ரலில் வருடத்துக்கு 174.50 பவுண்டு. தாத்தா கட்டிய 15 ரூபாயை நினைத்துக்கொண்டே அதைக் கட்டினேன்.

சரி, காசு கட்டி என்ன கேட்டார்கள்? இங்கேதான் இலங்கை வருகிறது. கொழும்பில் 1925 டிசம்பர் 16-லேயே வானொலி வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் சிப்பாய்களுக்காக அங்கே சக்திவாய்ந்த சிற்றலைக் கருவிகளை வைத்திருந்தது. போர் முடிந்ததும் அது இலங்கைக்கே கிடைத்தது. அதே சமயம் டெல்லியில் 1952-ல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியானார். சினிமாப் பாட்டு சங்கீதத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு வற்றிப்போனது. பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் முள்ளைத் திருப்பினார்கள், கொழும்பு காத்திருந்தது. எஸ். பி. மயில்வாகனம், பிறகு கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது என்று அந்தக் குரல்களைச் சொந்தக்காரர் குரல் போலத் தமிழ்நாட்டுக்காரர்கள் அறிந்து வைத்திருந்தார்கள். பாடம் கற்றுக்கொண்ட டெல்லி 1957 அக்டோபரில் விவித பாரதியை ஆரம்பித்தது. வங்கியில் எங்களுக்குச் சொல்வது இதுதான்: வாடிக்கையாளர் கேட்பதை நீ கொடுக்காவிட்டால் எதிர்க் கடைக்காரன் கொடுப்பான். 1952-ல் கேஸ்கருக்கு இதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எங்கள் வீட்டில் வேறு ஒரு கணக்கும் இருந்தது. நான் படித்தது முழுக்கத் தெலுங்கு மீடியம். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஓர் எழுத்துக்கூடச் சொல்லித்தரவில்லை. யார் மேலும் குறை சொல்லவில்லை, ஊர் அப்படி. வீட்டில் பேசுவது எல்லைத் தமிழ், 'வாழைப்பழம்' எங்கள் வாயில் வேறு எதுவோ ஆகிவிடும். ஒழுங்கான தமிழை நான் முதலில் கேட்டது ரேடியோவில். சென்னை நிலையம் மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸில் எங்களுக்குக் கணீர் என்று எடுக்கும். டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும். 2022-ல் காலமான சரோஜ் நாராயணசாமியின் குரல். 'ழ' என்ற எழுத்து எப்படி ஒலிக்கும் என்பதை எனக்குக் காட்டியது அந்த அம்மாள்தான். ராத்திரி சிற்றலையில் பிபிசி தமிழோசை. அந்தப் பெயரை வைத்தவர் சோ. சிவபாதசுந்தரம் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நைனா காதருகில் பெட்டியை வைத்துக்கொண்டு, இலங்கைச் செய்தி வரும்போது கையை உயர்த்துவார். அதற்கு அர்த்தம், யாரும் மூச்சு விடக்கூடாது. நைனா தெலுங்குப் பள்ளிக்கூட வாத்தியார். காலையில் தெலுங்கு சொல்லிக்கொடுத்துவிட்டு ராத்திரி தமிழ் கேட்பார். இரண்டும் அவருக்குச் சோறு போட்டவை, ஒன்றையும் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்.

பெட்டிக்கு இரண்டு பெரிய கட்டை. எங்கள் பக்கத்தில் நிப்போதான் அதிகம். அது நம்ம ஏரியா சரக்கு. நெல்லூரிலும் தடாவிலும் தொழிற்சாலை. தடா இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் மூன்று நான்கு மாதம் வரும். சத்தம் கம்ம ஆரம்பித்ததும் நைனா கட்டையை எடுத்து மாடியில் வெயிலில் காயப்போடுவார். சாயந்திரம் போட்டால் இன்னும் இரண்டு நாள் ஓடும். (சூட்டில் உள்ளே இருக்கிற வேதிவினை கொஞ்சம் வேகமெடுக்கும், அவ்வளவுதான், புது சக்தி எதுவும் ஏறாது என்று பின்னால் படித்தேன். நைனாவிடம் சொல்லவில்லை.) ரேடியோவுக்கு ஆகாத கட்டை சுவர்க் கடிகாரத்துக்கு. கடிகாரத்துக்கும் ஆகாதது எங்களுக்கு விளையாட. புதுக்கட்டை போட்ட தேதியைப் பென்சிலால் பேட்டரி மூடியின் உள்பக்கம் எழுதி வைப்பார். நான் வங்கிக்குப் போவதற்கு முன்னால் பார்த்த முதல் லெட்ஜர் அதுதான்.

நான் திருப்பதியில் பி.காம். முடித்து, வங்கி வேலைக்கு வந்து, 2007-ல் இந்த ஊருக்கு வந்தேன். இங்கே எல்லோரும் டிஜிட்டல் ரேடியோ என்றார்கள். அதன் கதையும் சுவாரசியமானது. ஐரோப்பாவில் 1987-ல் யுரேகா 147 என்ற கூட்டுத் திட்டத்தில் பிறந்தது டிஏபி. 1995 ஜூனில் நார்வேயும் அதே செப்டம்பரில் பிபிசியும் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டன. ஆனால் கேட்கப் பெட்டி? பல வருடம் நூற்றுக்கணக்கில் பவுண்டு கொடுத்தால்தான் கிடைத்தது. 2002-ல் பியூர் எவோக்-1 என்ற பெட்டி 99 பவுண்டுக்கு வந்த பிறகுதான் சாதாரண ஜனங்கள் வாங்கினார்கள். 1924-ல் கிருஷ்ணசாமி செட்டி கிளப்புக்கு வந்த அதே பிரச்சினை: ஒலிபரப்ப ஆள் இருந்தும் கேட்கப் பெட்டி இல்லை என்றால் ஒன்றும் நடக்காது.

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2012-ல் ஊருக்குப் போகும்போது நைனாவுக்கு ஒரு அழகான டிஏபி ரேடியோ வாங்கிப் போனேன். மரப்பெட்டி, தோல் கைப்பிடி, நல்ல விலை. கட்டை போட்டு பட்டனை அழுத்தினேன். திரையில் தேடித் தேடி ஓடியது. கடைசியில் காட்டியது: பூஜ்யம் நிலையங்கள். நியாயம்தானே? இந்தியா டிஏபி பக்கமே போகவில்லை. ஆகாசவாணி பிற்பாடு எடுத்துக்கொண்டது டிஆர்எம் என்ற வேறு முறை, 35 மத்திய அலை ஒலிபரப்பிகளில் அதை வைத்தார்கள். என் பெட்டிக்கு அதுவும் தெரியாது. எஃப்எம் இருந்தது. ஆனால் நைனா கேட்டது மத்திய அலை. அது அந்தப் பெட்டியில் இல்லவே இல்லை. கடன் விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவன், அப்பாவுக்கு வாங்கிய பெட்டியில் என்ன எடுக்கும் என்று பார்க்கவில்லை.

நைனா ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா இருக்குப்பா, கனமா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

2019-ல் நைனா போய்விட்டார். காரியம் முடிந்து பீரோவைத் திறந்தபோது அந்தப் பெட்டி அதே பிளாஸ்டிக் உறையில் இருந்தது. கட்டை ஒழுகிப் பெட்டி கெட்டுவிடக்கூடாது என்று நான்கையும் கழற்றி, தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். பக்கத்து அலமாரியில் பழைய டிரான்சிஸ்டர். அதில் கட்டை இருந்தது. மூடியின் உள்ளே பென்சிலில் தேதியும் இருந்தது. அவர் போவதற்கு ஒன்றரை மாதம் முந்தைய தேதி.

அந்த டிரான்சிஸ்டரை அம்மா விடவில்லை. நல்லவேளை விடவில்லை. 2021 நவம்பரில் அடித்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். திருப்பதியே மிதந்தது. ராயலசெருவு ஏரி உடைந்துவிடும் என்று ஊர்களைக் காலி செய்தார்கள். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பள்ளிப்பட்டுப் பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கின. எங்கள் வீட்டில் கரண்ட் போனது, பின்னாலேயே போனும் போனது. இரண்டு நாள் அம்மாவோடு பேச முடியவில்லை. நான் இங்கே லேப்டாப்பில் வெள்ளப் படங்களைப் பார்த்துக்கொண்டு, ஆபீசில் பட்ஜெட் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் லைன் கிடைத்தது. அழுதுவிடுவார் என்று பயந்தால், ஏரி நிலவரம், எந்தப் பஸ் ஓடவில்லை, எத்தனை நாள் மழை என்று எனக்கே செய்தி வாசிக்கிறார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். "போன் செத்துப் போச்சு கண்ணு. நைனா ரேடியோதான் ஓடுச்சு."

இது நம் ஊர் நிலைமை மட்டும் இல்லை. 2025 ஏப்ரல் 28-ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் முழுசாக இருண்டபோது, போன் அடங்கியதும் மக்கள் தேடியது பேட்டரி ரேடியோவைத்தான். 2024 மே மாதத்தில் இங்குள்ள அரசாங்கம் அவசர காலத்துக்கு வீட்டில் வைத்திருக்க வேண்டிய பொருட்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் டார்ச்சுக்குப் பக்கத்தில் பேட்டரி ரேடியோ அல்லது சாவி கொடுக்கிற ரேடியோ இருக்கிறது. ஆக, தங்கமணி கேட்டது குளியலறை ரேடியோ. நான் மூன்று வாரமாகத் தேடியது கரண்ட் போனாலும் பேசுகிற ஒரு பெட்டி.

இனி வாங்குகிற விஷயம். என் அனுபவத்தில் பார்க்க வேண்டியவை இவை.

முதலில் கட்டைக் கணக்கு. பழைய டிரான்சிஸ்டர் அலையைப் பிடித்து அப்படியே ஒலியாக்கும், குறைவாகத் தின்னும். டிஜிட்டல் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கணினி உட்கார்ந்து ஓயாமல் கணக்குப் போடுகிறது, அதற்குச் சாப்பாடு அதிகம். 150 மில்லி ஆம்பியர் இழுக்கிற பெட்டியில் 2000 மில்லி ஆம்பியர் மணி உள்ள ரீசார்ஜ் கட்டை நான்கு போட்டால் சுமார் 13 மணி நேரம். எங்கள் வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு இருபது நிமிடம், ஒரு நாளைக்கு 80 நிமிடம். (பெரியவளின் இருபது நிமிடம் கடிகாரத்தில் நாற்பது ஆவதை விட்டுவிட்டேன்.) பத்து நாளில் தீரும். தூக்கி எறிகிற கட்டை கொஞ்சம் கூடுதலாக வரும், இருந்தாலும் வருடத்துக்கு முப்பது தடவை மாற்ற வேண்டும். தடவைக்கு 3 பவுண்டு என்றால் 90 பவுண்டு, பெட்டி விலையையே தாண்டிவிடும். ரீசார்ஜ் கட்டையும் சார்ஜரும் 25 பவுண்டில் முடிந்துவிடும், வருடத்துக்கு ஆகும் கரண்ட் 20 பென்ஸுக்குள். ஒன்று மட்டும் கவனியுங்கள். ரீசார்ஜ் கட்டை 1.2 வோல்ட், சாதாரணக் கட்டை 1.5. சில பெட்டிகள் இந்த வித்தியாசத்தைப் பார்த்து நிறைந்த கட்டையையே 'தீர்ந்துவிட்டது' என்று சொல்லும். ரீசார்ஜ் கட்டையில் ஓடும் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள்.

உள்ளேயே ஒட்டிய பேட்டரி, யுஎஸ்பி சார்ஜ் என்று நிறைய வருகிறது. பார்க்க லட்சணம். நான்கு வருடத்தில் பேட்டரி போனால் பெட்டியும் சேர்ந்து போகும். கரண்ட் இல்லாத நாளில் அதை எங்கே செருகுவது? கழற்றி மாற்றுகிற கட்டைதான் என் ஓட்டு.

அடுத்தது தண்ணீர். ஐபிஎக்ஸ் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 4 என்றால் தெறிக்கிற தண்ணீர் தாங்கும். 5 என்றால் பீய்ச்சினாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். ஆனால் குளியலறையின் நிஜ வில்லன் ஆவி. அதற்கென்று தனி எண் இதில் இல்லை. குளித்து முடித்ததும் பெட்டியை வெளியே வைப்பதே நல்லது. கட்டை மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

மூன்றாவது, சிக்னல். எஃப்எம் பலவீனமானால் கரகரக்கும், ஆனாலும் ஆள் பேசுவது புரியும். டிஜிட்டல் அப்படி இல்லை. ஓர் அளவு வரை பளிங்கு, அதற்குக் கீழே போனால் கொதிக்கிற குழம்புப் பாத்திரத்தில் மூடி ஆடுவது போலச் சத்தம், பிறகு மௌனம். ஹாலில் நன்றாக எடுப்பது ஓடு பதித்த குளியலறையில் எடுக்காமல் போகலாம். திருப்பிக் கொடுக்கிற வசதி உள்ள கடையில் வாங்கி, முதல் நாளே கதவைச் சாத்தி சோதித்துப் பாருங்கள். இன்னொரு வேடிக்கை: கணக்குப் போட்டு வருவதால் டிஜிட்டல் இரண்டு மூன்று நொடி பின்தங்கும். 1924-லிருந்து பிபிசி ஒலிக்கிற நேர மணியை அதில் கேட்டுக் கடிகாரம் திருத்தாதீர்கள்.

நான்காவது, நாடு. நம்மவர்கள் இன்று ஒரு நாடு, நாளை ஒரு நாடு. நார்வேயில் தேசிய நிலையங்கள் 2017-ல் எஃப்எம்மை மூடின. சுவிட்சர்லாந்தில் அரசு வானொலி 2024 கடைசியில் மூடியது. இங்கே 2030 வரையாவது எஃப்எம் இருக்கும் என்றிருக்கிறார்கள். சிங்கப்பூர் நேர்மாறு: 1999-ல் டிஏபி தொடங்கி, 2011-ல் அதையே நிறுத்தியது. ஒலி 96.8 கேட்க அங்கே எஃப்எம் போதும். டிஏபி, டிஏபி பிளஸ், எஃப்எம் மூன்றும் உள்ள பெட்டியாகப் பாருங்கள். பழைய பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தால் பிளஸ் எடுக்குமா என்று கேளுங்கள். ஊருக்கு எடுத்துப் போவதென்றால், அங்கே டிஏபி இல்லை என்பதை என் நைனா பெயரால் நினைவில் வையுங்கள்.

ஐந்தாவது, தமிழ். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 1941-ல் தொடங்கி 2017 ஏப்ரல் 30-ல் நின்றுவிட்டது. ஆகாசவாணியும் கடந்த சில வருடங்களில் பல மத்திய அலை ஒலிபரப்பிகளை மூடியிருக்கிறது. நம் காதுக்குப் பழகிய அலைகள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. ஆனால் ஆகாசவாணியின் செயலியில் சென்னையும் திருச்சியும் இங்கே கேட்கின்றன. அதனால் புளூடூத் உள்ள பெட்டியே வாங்கினேன். போன் ஹாலில், ரேடியோ உள்ளே. இரண்டும் நனையாது.

என் பெண்கள் இருவருக்கும் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புகிறோம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானே பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவன் இல்லை. யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை, வேறு வேலையாக இருக்கும்போது பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, காதில் தங்கிவிட்டது. அதனால் வீட்டில் ஓர் ஒப்பந்தம் போட்டேன். குளியலறையில் முதல் பத்து நிமிடம் சென்னை, அதன் பிறகு உங்கள் இஷ்டம். பெரியவள் பேரம் பேசி எட்டு நிமிடத்துக்கு இறக்கினாள். கையெழுத்தானது.

இங்கே காலை ஏழு என்றால் அங்கே கிட்டத்தட்ட நண்பகல். போன செவ்வாய்க்கிழமை பெரியவள் தலையில் துண்டோடு வெளியே வந்து கேட்டாள். "அப்பா, ரேடியோல கனமழைன்னு சொன்னாங்க. பாட்டி ஊர் சென்னைக்குப் பக்கமா?" முழுக்கத் தமிழில். நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் அடுத்த கேள்வி ஆங்கிலத்தில் வந்துவிடும். "பக்கம்தான், போன் போட்டுக் கேளு" என்றேன். போட்டாள். தூறல்தானாம், ஒன்றும் பயமில்லையாம். அம்மா அவளிடம் பதினைந்து நிமிடம் பேசினார். எனக்குக் கிடைப்பது வழக்கமாக ஐந்து.

நேற்று ராத்திரி முதல் தடவையாகக் கட்டை தீர்ந்தது. சார்ஜ் ஏறிய நான்கைப் போட்டேன். மூடியின் உள்பக்கம் தேதி எழுதப் பென்சில் தேடினேன், வீட்டில் பென்சிலே இல்லை. சின்னவள் தன் தமிழ்ப் பள்ளிப் பையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தாள். எழுதி மூடினேன். பத்து நாள் வருகிறதா பார்க்க வேண்டும்.